147573952589676412927: இந்த எண்ணைப் பிரித்து மேய்வோம்

எண்தேடி:
2-ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற எண் இது. 21 இலக்கம். வாயால் சொன்னால் ஏறத்தாழ 14.8 லட்சம் கோடி கோடி. பழைய பகா எண் பட்டியல் ஒன்றில் 67 என்ற அடுக்கு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எது சரி என்று பார்க்க எக்செல்லில் போட்டேன்; 147573952589676000000 என்று காட்டியது. உலாவியின் கன்சோலில் 147573952589676410000. இரண்டும் பூச்சியத்தில் முடிகின்றன, ஒன்றோடொன்று ஒத்தும் போகவில்லை. இது பகா எண்ணா இல்லையா? இதைப் பற்றி வேறு என்னென்ன சொல்ல முடியும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

பழைய_நிரலர்:
அந்த இரண்டு விடையையும் நம்பாதீர்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் காட்டாது, மிச்சத்தைப் பூச்சியமாக்கிவிடும். கன்சோல் 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் கணக்குப் போடுகிறது. அதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட்தான் இடம். உங்கள் எண்ணை இருமத்தில் எழுதினால் 67 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூச்சியம்கூட இல்லை. அதை 53 இடத்தில் எப்படி அடைப்பது? பக்கத்தில் இருக்கிற 2^67-க்குத் தள்ளிவிடுகிறது. கூடியது வெறும் ஒன்றுதான். ஆனால் காரணிகளைப் பொறுத்தவரை எல்லாமே தலைகீழ்: 2^67-க்கு 2-ஐத் தவிர வேறு பகாக் காரணி கிடையாது, உங்கள் எண்ணுக்கோ 2 காரணியாகவே இருக்க முடியாது.

பைத்தானில் முழு எண்ணாகப் போடுங்கள், எத்தனை இலக்கம் ஆனாலும் ஒழுங்காக வரும். 2.0 என்று புள்ளி வைத்துவிட்டால் மறுபடி அதே கதைதான்.

வர்க்கமூலம்:
பகு எண். 193707721 × 761838257287. இந்த இரண்டும் பகா எண்கள். ஆக நம் எண்ணுக்கு வகுத்திகள் நான்கே நான்கு: 1, இந்த இரண்டு, அப்புறம் அதுவே.

பட்டியல் குழப்பத்துக்குக் காரணம் பிரெஞ்சுத் துறவி மாரன் மெர்சென். 2-ன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர் வந்ததே அவரால்தான். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவைதான் பகா எண்ணைத் தரும் என்று 1644-ல் எழுதிவைத்தார். அதில் 67-உம் 257-உம் தப்பு. 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். 67 என்பது 61-க்கு வந்த அச்சுப்பிழையோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. 89-உம் 107-உம் விடுபட்டதற்கு எந்த அச்சுக்கோப்பவரைக் குறை சொல்வது?

எண்தேடி:
நன்றி. அந்தப் பெருக்கலைக் கையால் சரிபார்க்க வழி உண்டா? முழுதாகப் பெருக்காமல்.

அரைகுறை_கணிதன்:
முழுதாகப் பெருக்காமல் நிரூபிக்க முடியாது. ஆனால் தப்பாக இருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனைகள் உண்டு.

9-ஆல் வகுத்த மீதி: இலக்கங்களைக் கூட்டினால் போதும். 193707721-ன் கூடுதல் 37, அதிலிருந்து 10, அதிலிருந்து 1. 761838257287-ன் கூடுதல் 64, 10, 1. பெருக்கினால் 1. நம் 21 இலக்க எண்ணின் கூடுதல் 109, 10, 1. சரியாக வருகிறது.

ஆனால் இரண்டு இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதற்கு 11. கடைசி இலக்கத்திலிருந்து கூட்டல், கழித்தல், கூட்டல் என்று மாற்றி மாற்றிப் போங்கள். சின்னக் காரணிக்கு மைனஸ் 13 வருகிறது, அதாவது மீதி 9. பெரிய காரணிக்கு 8. பெருக்கினால் 72, மீதி 6. நம் எண்ணுக்கு இலக்கமே தேவையில்லை: 2^10-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 2^67-ம் 2^7-ம் ஒரே மீதி. 128-ல் 121 போனால் 7, ஒன்றைக் கழித்தால் 6. இதுவும் சரி.

எண்தேடி:
அருமை. இன்னொரு சந்தேகம். 1876-லேயே பிரெஞ்சுக் கணிதர் எத்வார் லூக்கா இது பகா எண் இல்லை என்று சொல்லிவிட்டார், காரணிகள் கிடைத்தது 1903-ல் என்று படித்தேன். காரணி தெரியாமல் எப்படிப் பகு எண் என்று சொல்ல முடியும்? வகுபடுகிறது என்று காட்டினால்தானே பகு எண்?

மீதிப்புலி:
இந்த எண்ணில் சுவையான விஷயமே அதுதான். வகுபடுகிறது என்று காட்டுவது ஒரு வழி. பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் நடந்தே தீர வேண்டிய ஒன்று இங்கே நடக்கவில்லை என்று காட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதில் காரணி கண்ணிலேயே படாது.

லூக்கா கையாண்ட முறையை டெரிக் லெமர் 1930-ல் எளிமையாக்கினார். 4-ல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கிற மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், மறுபடி 2 கழித்தல். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி பூச்சியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண்.

31-க்கு, அதாவது 2^5−1-க்கு, மூன்று தடவை: 4, 14, 194. 194-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-ன் வர்க்கம் 64, இரண்டு போனால் 62, மீதி 0. பகா எண்.

2^11−1 = 2047-க்கு ஒன்பது தடவை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் பூச்சியம் இல்லை. பகு எண் என்று தீர்ந்துவிட்டது. 23 × 89 என்று இந்த வரிசையில் எங்காவது தெரிகிறதா? எங்கேயும் இல்லை. 1736 என்பதை வைத்துக்கொண்டு காரணியைத் தேட ஒரு துப்பும் கிடைக்காது.

நம் எண்ணுக்கு இதே வேலை 65 தடவை. ஒவ்வொரு தடவையும் 41 இலக்கம் வரை போகிற வர்க்கம், அதை 21 இலக்க எண்ணால் வகுத்து மீதி. கையால் செய்தால் முதுகு ஒடியும், ஆனால் முடிகிற வேலை. அதே 1876-ல்தான் 39 இலக்கம் கொண்ட 2^127−1 பகா எண் என்றும் லூக்கா காட்டினார். அடுத்த 75 ஆண்டுக்கு அதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது.

பழைய_நிரலர்:
ஒரு சின்ன சேர்க்கை. மெர்சென் எண்ணால் வகுப்பதற்கு உண்மையில் வகுத்தலே தேவையில்லை. 2^67-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. ஆகவே வர்க்கத்தை இருமத்தில் எழுதி, வலப்பக்கம் 67 இலக்கத்தை வெட்டி, மிச்சமிருக்கிற இடப்பக்கத்தை அதோடு கூட்டிவிட்டால் மீதி வந்துவிடும். இன்றும் மிகப் பெரிய பகா எண்களை இந்த வகை எண்களில்தான் தேடுகிறார்கள் என்பதற்கு இந்த வசதி ஒரு பெரிய காரணம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841−1 எண்ணுக்கு 4,10,24,320 இலக்கம்.

இப்போது என் கேள்வி. பைத்தானில் வழக்கமான ஃபெர்மா சோதனை போட்டுப் பார்த்தேன். 2-ஐ (எண்−1) அடுக்குக்கு உயர்த்தி எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறது. பகா எண்ணுக்கு வரவேண்டியது அப்படியே வருகிறதே?

மீதிப்புலி:
வரத்தான் செய்யும். பகா அடுக்கு உள்ள எந்த மெர்சென் எண்ணும் அந்தச் சோதனையில் தேறிவிடும், பகு எண்ணாக இருந்தாலும். அடிமானம் (அடுக்குக்கு உயர்த்துகிற எண்) 2 என்று எடுத்தது நீங்கள் செய்த தேர்வு. இந்த எண்ணோ 2-ஆலேயே செய்யப்பட்டது.

நம் எண்ணில் ஒன்றைக் கழித்தால் 2^67−2. 67 பகா எண், ஆகவே ஃபெர்மாவின் தேற்றப்படியே 2^67−2 என்பது 67-ஆல் வகுபடும். இன்னொரு பக்கம், 2^67-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. அப்படியானால் 67-ன் மடங்காக உள்ள எந்த அடுக்குக்கும் மீதி 1. (எண்−1) 67-ன் மடங்கு. முடிந்தது. இதில் எண் பகாவா பகுவா என்ற பேச்சே வரவில்லை பாருங்கள்.

இப்படிப்பட்டவற்றுக்குப் போலிப் பகா எண் என்று பெயர். 2047-ம் அதே ரகம்.

எண்தேடி:
அப்படியென்றால் காரணியை எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? 193707721 வரை ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தார்களா?

வர்க்கமூலம்:
அந்த அளவுக்குள் ஒரு கோடிக்கு மேல் பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்தால் ஆயுள் போதாது. நல்லவேளையாகப் பெரும்பாலானவற்றைத் தொடாமலே தள்ளிவிடலாம்.

முதல் சல்லடை. ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வையுங்கள். அந்தப் பகா எண்ணால் வகுத்தால் 2^67-ன் மீதி 1. 67 பகா எண் என்பதால், 2-ன் அடுக்குகளில் முதன்முதலாக மீதி 1 வருவது சரியாக 67-ஆவது அடுக்கில்தான். அப்படி முதலில் 1 வருகிற அடுக்கு (பகா எண்−1)-ஐக் கட்டாயம் வகுக்கும். காரணி ஒற்றைப்படை என்பதால் அதிலிருந்து ஒன்று குறைந்தால் இரட்டைப்படை. ஆக காரணி எதுவானாலும் 134-ன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது சல்லடை. 2^68 என்றால் 2 × 2^67, மீதி 2. ஆனால் 2^68 என்பது 2^34-ன் வர்க்கம். ஆகவே அந்தப் பகா எண்ணைப் பொறுத்து 2 ஒரு வர்க்க எச்சம், அதாவது ஒரு முழு வர்க்கத்தை அதனால் வகுத்தால் வருகிற மீதி. அப்படியானால் அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம்.

இரண்டையும் சேர்த்தால், 134-ஐப் பெருக்குகிற எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இப்போது விடையைப் பாருங்கள்:
193707721 = 134 × 1445580 + 1
761838257287 = 134 × 5685360129 + 1
1445580-க்கு மீதி 0, 5685360129-க்கு மீதி 1. இரண்டும் சல்லடையில் பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன.

மீதிப்புலி:
சல்லடை எவ்வளவு கடுமையானது என்று காட்ட: 134-ஐ 1, 4, 5, 8, 9 ஆகியவற்றால் பெருக்கி ஒன்று கூட்டினால் 135, 537, 671, 1073, 1207. ஐந்தும் பகு எண்கள். 12-ல்தான் 1609 என்று முதல் பகா எண் கிடைக்கிறது. அதாவது 1609-க்குக் கீழே நம் எண்ணுக்குக் காரணி எதுவும் இருக்கவே முடியாது, ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் தெரிந்துவிட்டது.

1609-ஐயே சோதிப்போம். 2^11 = 2048, மீதி 439. அதன் வர்க்கம் 192721, மீதி 1250, இது 2^22. 1250 × 439 = 548750, மீதி 81; இது 2^33. 81-ன் வர்க்கம் 6561, மீதி 125; இது 2^66. இரட்டித்தால் 250. 1 வர வேண்டிய இடத்தில் 250. போ, அடுத்தது.

21 இலக்க எண்ணை எங்கேயும் எழுதவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு இலக்கத்துக்கு மேல் போகாமல் வேலை முடிகிறது.

அரைகுறை_கணிதன்:
அப்படியானால் 193707721-ஐ அடையும் வரை எத்தனை பகா எண்ணைச் சோதிக்க வேண்டும்?

மீதிப்புலி:
மதிப்பீடாக 80 ஆயிரத்துக்குச் சற்று மேல். இரண்டு சல்லடையும் சேர்ந்தால் 536-ஆல் (134 × 4) வகுத்த மீதியைப் பார்ப்பதுதான்; பகா எண்களுக்கு வரக்கூடிய 264 மீதிகளில் நமக்கு ஆவது இரண்டு மட்டுமே. ஒரு கோடியே ஏழு லட்சத்தை 132-ஆல் வகுத்தால் அவ்வளவு வருகிறது. கணினிக்குக் கண்ணிமைக்கும் வேலை. கையால் என்றால் வருடக்கணக்கு.

எண்தேடி:
1903-ல் கண்டுபிடித்தவர் இப்படித்தான் செய்தாரா?

வர்க்கமூலம்:
அவர் ஃபிராங்க் நெல்சன் கோல். வர்க்க எச்சங்களை இன்னும் நிறையச் சேகரித்துச் சல்லடையை மேலும் மேலும் நெருக்கமாக்கினார். மேலே 2 ஒரு வர்க்க எச்சம் என்பதிலிருந்து பாதி வாய்ப்புகள் போயின அல்லவா? அப்படி இன்னொரு எச்சம் கிடைத்தால் இன்னொரு பாதி போகும். அதே உத்தியை நீட்டியதுதான்.

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் விடையை வெளியிட்டார். கணிதர்களின் வரலாற்றை எழுதிய ஈ. டி. பெல் சொன்ன கதை பிரபலம்: கோல் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் 2^67-ஐக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார், மறுபக்கம் போய் இரண்டு எண்களை முழு நீளத்துக்குப் பெருக்கினார், இரண்டு விடையும் ஒன்றாக வந்ததும் போய் உட்கார்ந்துகொண்டார், அரங்கம் கைதட்டியது. எவ்வளவு நாள் ஆயிற்று என்று பின்னாளில் பெல் கேட்டதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

அரைகுறை_கணிதன்:
பெல் கதையை மெருகேற்றிச் சொல்கிறவர் என்று பெயர் எடுத்தவர். மௌனம், கைதட்டல் எல்லாம் எந்த அளவுக்கு அப்படியே நடந்ததோ. பெருக்கல் மட்டும் எப்போது போட்டாலும் சரியாக வருகிறது, அது போதும்.

பழைய_நிரலர்:
ஃபெர்மாவின் வர்க்க வித்தியாச முறையை ஏன் யாரும் சொல்லவில்லை? எண்ணின் வர்க்கமூலத்திலிருந்து மேலே போய்க்கொண்டே, வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் மறுபடி ஒரு முழு வர்க்கம் வருகிறதா என்று பார்ப்பது.

மீதிப்புலி:
இங்கே எடுபடாது. காரணிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால்தான் அந்த முறை பறக்கும். இங்கே பெரியது சின்னதைப் போல் ஏறத்தாழ 3933 மடங்கு. வர்க்கமூலம் சுமார் 1215 கோடி. போய்ச் சேர வேண்டிய இடம் இரண்டு காரணிகளின் சராசரியான 381015982504. இடையில் சுமார் 36,900 கோடி படிகள்.

கொஞ்சம் புத்தியோடு செய்யலாம். இரண்டு காரணிகளிலிருந்தும் ஒன்றைக் கழித்தால் 134-ஆல் வகுபடும், ஆகவே அவற்றின் பெருக்கல் 134-ன் வர்க்கமான 17956-ஆல் வகுபடும். அதை விரித்தால், காரணிகளின் கூடுதலும் 2^67-ம் 17956-ஐப் பொறுத்து ஒரே மீதி. சராசரி அந்தக் கூடுதலில் பாதி, ஆகவே அதற்கு 8978-ஐப் பொறுத்த மீதி முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு படியாகப் போகாமல் 8978 படியாகத் தாவலாம், 36,900 கோடி 4 கோடியாகக் குறையும். இருந்தும் 80 ஆயிரம் எங்கே, 4 கோடி எங்கே.

எண்தேடி:
சரி, காரணி கதை புரிந்தது. வேறு குணங்கள்? வர்க்கம், முக்கோண எண், நிறைவெண், அந்த மாதிரி.

வர்க்கமூலம்:
7-ல் முடிகிற எண் முழு வர்க்கம் ஆகாது. இரண்டு வர்க்கங்களின் கூடுதலாகவும் வராது. மூன்றின் கூடுதலாகவும் வராது: வர்க்கங்களை 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே, இவற்றில் எந்த மூன்றைக் கூட்டினாலும் 7 என்ற மீதி கிடைக்காது. நம் எண்ணின் மீதியோ 7. லக்ராஞ்சின் தேற்றப்படி நான்கு வர்க்கம் எந்த எண்ணுக்கும் போதும். இதற்கு அந்த நான்கும் தேவை.

முக்கோண எண்ணா (1, 1+2, 1+2+3 என்று கூட்டி வருகிற வகை) என்பது இன்னும் அழகு. எட்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் முழு வர்க்கம் வந்தால்தான் முக்கோண எண். நம் எண்ணுக்கு 2^70−7. இது 2^35-ன் வர்க்கத்தைவிடச் சின்னது, 2^35−1-ன் வர்க்கத்தைவிடப் பெரியது. அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது எப்படி வர்க்கமாகும்? ஆகவே இல்லை.

இது சுலபமாக முடிந்ததற்குக் காரணம் 70 இரட்டைப்படை. ஒற்றைப்படை அடுக்குகளில் இந்தத் தந்திரம் பலிக்காது. 2-ன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போதெல்லாம் வர்க்கம் வரும் என்ற கேள்வியை 1913-ல் எழுப்பியவர் ராமானுஜன். 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளில் மட்டும்தான் என்பது அவருடைய ஊகம். 1948-ல் நாகெல் நிரூபித்தார். அதன் பயன், மெர்சென் வடிவில் உள்ள முக்கோண எண்கள் 0, 1, 3, 15, 4095 மட்டுமே.

அரைகுறை_கணிதன்:
நிறைவெண் பற்றி நான். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வருகிற எண் அது, 6 = 1 + 2 + 3 போல. மெர்சென் சொன்னது போல இது பகா எண்ணாக இருந்திருந்தால், யூக்ளிட் விதிப்படி 2^66 × (நம் எண்) ஒரு நிறைவெண் ஆகியிருக்கும். இல்லாததால் எவ்வளவு தூரம் தவறுகிறது என்று பார்ப்போம். நம் எண்ணின் வகுத்திகளின் கூடுதல் 2^67 + 762031965008. கடைசியில் நிற்பது இரண்டு காரணிகளின் கூடுதல். 2^66-ன் வகுத்திகளைக் கூட்டினால் நம் எண்ணே வருகிறது. இரண்டையும் பெருக்கினால், நிறைவெண்ணுக்கு வேண்டிய அளவைவிட (நம் எண்) × 762031965008 அதிகம். ஆக அது மிகையெண். சும்மா கொஞ்சம் மிகை என்று நினைக்காதீர்கள். அந்த அதிகப்படி மட்டும் 33 இலக்கம்.

பழைய_நிரலர்:
ஹனோய் கோபுரத்தில் (வட்டுகளை ஒவ்வொன்றாக ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் புதிர்) 67 வட்டு இருந்தால் குறைந்தபட்ச நகர்த்தல்களின் எண்ணிக்கையும் இதுவே. நொடிக்கு ஒன்று நகர்த்தினால் 4.6 லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இது சும்மா ஒரு தகவல், மேலே பேசுங்கள்.

மீதிப்புலி:
எல்லாரும் விட்டுவிட்ட ஒன்று. தசமத்தில் 1/7 = 0.142857142857... என்று ஆறு இலக்கம் சுழல்வது தெரியும். காரணம் 7 × 142857 = 999999. அதே விஷயத்தை இருமத்துக்கு மாற்றுங்கள். அங்கே 9-க்குப் பதில் 1. 67 ஒன்றுகளை எழுதினால் அது நம் எண்.

ஆகவே 1/193707721-ஐ இருமத்தில் எழுதினால் 67 இலக்கம் திரும்பத் திரும்ப வரும். சுழலும் அந்தத் துண்டு என்ன? 761838257287-ஐ இருமத்தில் எழுதி, முன்னால் பூச்சியம் போட்டு 67 இலக்கமாக்கியது. பெரிய காரணிக்கு இருமத்தில் 40 இலக்கம், ஆகவே 27 பூச்சியம், பிறகு அந்த 40. தலைகீழாக, 1/761838257287-ன் சுழலும் துண்டு 39 பூச்சியமும் பிறகு சின்னக் காரணியின் 28 இலக்கமும். ஒன்றின் தலைகீழுக்குள் மற்றது குடியிருக்கிறது.

கையால் பார்க்க 2047 போதும். 89 இருமத்தில் 1011001. முன்னால் நான்கு பூச்சியம் போட்டு 00001011001 என்று சுழலவிட்டால் அது 1/23.

இன்னும் மேலே: இருமத்தில் சரியாக 67 இலக்கச் சுழற்சி தருகிற பகா எண்கள் உலகத்திலேயே இந்த இரண்டுதான். அப்படிச் சுழலும் எந்தப் பகா எண்ணும் நம் எண்ணை வகுத்தாக வேண்டும், வகுப்பதோ இந்த இரண்டு மட்டும். என்னைக் கேட்டால் இந்த எண்ணின் முகவரி இதுதான். கோல் கதை எல்லாம் அப்புறம்.

எண்தேடி:
இது உண்மையிலேயே எதிர்பார்க்கவில்லை. ஒரே காரணி இரண்டு முறை வருகிற மெர்சென் எண் உண்டா? இங்கே இரண்டும் வேறு வேறு.

மீதிப்புலி:
அடுக்கு பகா எண்ணாக இருந்தால் அப்படி ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்ற நிரூபணமும் இல்லை. அப்படி ஒரு காரணி இருந்தால் அது வீஃபெரிச் பகா எண்ணாக இருக்க வேண்டும், அதாவது 2-ஐ (பகா எண்−1) அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் அந்தப் பகா எண்ணின் வர்க்கத்தாலேயே வகுபட வேண்டும். தெரிந்தவை 1093, 3511 இரண்டே. அவை பகா அடுக்குள்ள எந்த மெர்சென் எண்ணையும் வகுப்பதில்லை.

மட்டுறுத்துநர்:
இழை நன்றாகப் போகிறது. எண்தேடி, படித்ததை நீங்களே கையால் செய்துபார்க்க 2^29−1 = 536870911 எடுத்துக்கொள்ளுங்கள். விடையை யாரும் முந்திக்கொண்டு எழுத வேண்டாம்.

எண்தேடி:
செய்தேன். காரணி 58-ன் மடங்கு கூட்டல் 1, எட்டால் வகுத்த மீதி 1 அல்லது 7. ஆகவே 58-ஐப் பெருக்குகிற எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 3. முதலில் 175, பகு எண். அடுத்தது 233.

2^8 = 256, மீதி 23. வர்க்கம் 529, மீதி 63, இது 2^16. 63 × 23 = 1449, மீதி 51; இது 2^24. 51 × 32 = 1632. 233 × 7 = 1631. மீதி 1! முதல் பகா எண்ணிலேயே விழுந்துவிட்டது.

வகுத்தால் 2304167. இனி 407, 465, 639, 697, 871 எல்லாம் பகு எண்கள். 929 பகா எண், சோதித்தால் மீதி 883, ஆகாது. 1103-க்கு மீதி 1. வகுத்தால் 2089.

2089 பகா எண்ணா என்று தனியாகப் பார்க்க வேண்டுமா?

வர்க்கமூலம்:
வேண்டாம். 2089-ன் காரணியும் 536870911-ன் காரணிதானே, அதே வடிவில் இருந்தாக வேண்டும். அந்த வடிவில் மிகச் சின்ன எண்ணே 59. 2089-ன் வர்க்கமூலம் 46-க்குள். அதற்குள் காரணி எதுவும் இருக்க முடியாது, ஆகவே பகா எண்.

233 × 1103 × 2089. சரியான விடை.